இரண்டு பக்கமும் கமிஷன்: கம்பெனிகளுக்கு ஊர் பார்த்துக் கொடுப்பவர்களின் கதை

எபிசோட் ஆடியோவைக் கொஞ்சம் சீர்படுத்தி இங்கே எழுத்தாகக் கொடுத்திருக்கேன். காதில் கேட்டவர்கள் சில வரிகள் இடம் மாறியிருப்பதைக் கவனிக்கலாம், விஷயம் அதேதான்.

இன்றைய கதை ஒரு விமானத்தில் ஆரம்பிக்குது. 2001 மே 10. போயிங் கம்பெனியின் தலைவர் ஃபில் காண்டிட் கிளம்பப் போகிறார். விமானம் ஒன்றுதான், ஆனால் அதற்கு மூன்று ஃப்ளைட் பிளான் தாக்கல் செய்யப்பட்டிருந்தது. டல்லஸுக்கு ஒன்று, டென்வருக்கு ஒன்று, சிகாகோவுக்கு ஒன்று. எந்த ஊருக்குப் போகுது என்பது கடைசி நிமிஷம் வரை வெளியே தெரியாது.

காரணம் இதுதான். அந்த வருஷம் மார்ச் 21 அன்று போயிங் ஒரு அறிவிப்பு விட்டது: எங்கள் தலைமையகம் சியாட்டிலை விட்டுப் போகிறது, இந்த மூன்று நகரங்களில் ஒன்றுக்கு. அடுத்த ஏழு வாரம் மூன்று ஊரும் விழுந்து விழுந்து கவனித்தன. கடைசியில் விமானம் இறங்கியது சிகாகோவில். இல்லினாய் மாநிலமும் சிகாகோ நகரமும் சேர்ந்து 20 வருஷத்தில் கொடுப்பதாகச் சொன்ன சலுகை கிட்டத்தட்ட 6 கோடி டாலர். வந்த வேலைகள் சுமார் 500. அதுவும் ஃபேக்டரி வேலை இல்லை, ஹெட் ஆபீஸ் வேலை.

இந்தத் தேடலில் போயிங் தனியாக இல்லை. ஆர்தர் ஆண்டர்சன் என்ற பெரிய ஆலோசனை, தணிக்கை நிறுவனம் கூடவே இருந்தது. (ஆமா, அடுத்த வருஷமே என்ரான் விவகாரத்தில் சிதறிப்போன அதே ஆண்டர்சன்.)

எனக்குள்ள கேள்வி சிம்பிள். உலகம் முழுக்க விமானம் விற்கிற கம்பெனிக்கு, ஒரு ஆபீஸ் எங்கே வைக்கணும்னு சொல்ல எதுக்கு வெளி ஆள்? அந்த வெளி ஆள் உண்மையில் எதை விற்கிறார்? இதுக்குப் பதில் தேடினால் 1919-க்குப் போக வேண்டியிருக்கு.

ஃபேன்டஸ்: ஊர் பார்ப்பது ஒரு தொழில் ஆனது

1919-இல் சிகாகோவில் ஃபீலிக்ஸ் ஃபேன்டஸ் என்பவர் ஒரு நிறுவனம் தொடங்கினார். ஃபேன்டஸ் ஃபேக்டரி லொகேட்டிங் சர்வீஸ். பெயரே வேலையைச் சொல்லிவிடும்: ஃபேக்டரிக்கு இடம் பார்த்துக் கொடுப்பது. நம்ம ஊர் வீட்டு புரோக்கர் மாதிரிதான், ஆனால் அவர் காட்டுவது வீடு இல்லை, முழு ஊர்.

இந்தத் தொழிலைப் பெரிதாக்கியவர் அவருடைய மருமகன் லியனார்ட் யசீன். 1930-களில் நியூயார்க்கில் கிளை திறந்தார். 1952-இல் 'பிளான்ட் லொகேஷன்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முன்பு ஒரு முதலாளி ஃபேக்டரி போடுவது எப்படி? சொந்த ஊர், மாமனார் ஊர், ரயில் நிற்கிற ஊர், யாரோ நிலம் கொடுத்த ஊர். யசீன் மாதிரி ஆட்கள் அதை ஒரு கணக்காக மாற்றினார்கள். கூலி எவ்வளவு, சரக்குக் கட்டணம் எவ்வளவு, கரண்ட் என்ன விலை, தண்ணீர் போதுமா, வரி எத்தனை, சங்கம் பலமா. ஒவ்வொரு ஊருக்கும் எண் போட்டு வரிசையாக அடுக்குவது.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான வேலை. வெண்டார் தேர்ந்தெடுக்க ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போடுவோம், ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வெயிட்டேஜ் கொடுப்போம், கடைசியில் கூட்டினால் ஒரு பெயர் மேலே வரும். அதேதான், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில்.

நேர்மையாகச் சொன்னால் இதில் உண்மையான சேவை இருக்கு. தண்ணீர் அதிகம் தேவைப்படுகிற ஒரு ஆலையை வறண்ட ஊரில் போட்டுவிட்டால் அந்தத் தப்பு முப்பது வருஷத்துக்கு நிற்கும். ஒரு கம்பெனி வாழ்நாளில் இரண்டு, மூன்று முறைதான் புது இடம் தேடும். அதையே தினமும் செய்கிற ஒருவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

ஆனால் இந்தத் தொழில் வளர்ந்த காலத்தைப் பாருங்க. பெருமந்தம். வடக்கே ஃபேக்டரிகள் மூடுகின்றன, தெற்கே விவசாயம் படுத்துக் கிடக்கிறது. 1936-இல் மிசிசிப்பி மாநிலம், ஆளுநர் ஹ்யூ வைட் தலைமையில், ஒரு திட்டம் கொண்டுவந்தது. விவசாயத்தோடு தொழிலையும் சமன் செய்வோம் என்பது அதன் பெயரின் பொருள். நடைமுறையில் என்னவென்றால், ஊராட்சி கடன் பத்திரம் வெளியிட்டு, அந்தப் பணத்தில் ஃபேக்டரி கட்டடம் கட்டி, கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம். டூரண்ட் என்ற சின்ன ஊர் இப்படித்தான் ரியல் சில்க் என்ற காலுறை கம்பெனியை வரவழைத்தது. அந்தக் கம்பெனியின் தலைமையகம் வடக்கே இண்டியானாபொலிஸில்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. கம்பெனி ஊருக்கு வரி கட்டும் என்பது போய், கம்பெனி வருவதற்கு ஊர் காசு கட்டும் என்று ஆகிவிட்டது. அப்படி ஒரு சந்தை உருவான பிறகு, எந்த ஊர் எவ்வளவு கட்டத் தயார் என்று தெரிந்து வைத்திருப்பவருக்கு மதிப்பு கூடாமல் இருக்குமா?

பெயர் சொல்லாமல் பெண் பார்ப்பது

இந்தத் தொழிலின் உண்மையான கருவி ஸ்ப்ரெட்ஷீட் இல்லை. ரகசியம்.

வழக்கமாக நடப்பது இப்படி. கன்சல்டன்ட் ஒரு ஊரின் தொழில் வளர்ச்சி அதிகாரிக்குப் போன் செய்வார். "ஒரு கிளையன்ட். பெயர் சொல்ல முடியாது. இத்தனை ஏக்கர் வேணும், இத்தனை பேருக்கு வேலை. வேற சில மாநிலங்களையும் பார்த்துக்கிட்டு இருக்கோம். நீங்க என்ன தரலாம்?" அதிகாரிக்கு யார் எதிரே இருக்காங்கன்னு தெரியாது. எத்தனை ஊர் போட்டியில் இருக்கு, அவங்க என்ன கொடுத்தாங்கன்னும் தெரியாது. கையெழுத்துப் போட ஒரு ரகசிய ஒப்பந்தம் வரும். திட்டத்துக்கு ஒரு புனைபெயரும் இருக்கும். 2017-இல் விஸ்கான்சின் மாநிலம் ஃபாக்ஸ்கானை வரவழைத்த திட்டத்துக்குப் பெயர் 'ஃப்ளையிங் ஈகிள்', பறக்கும் கழுகு. (நம்ம ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிற அதே ஃபாக்ஸ்கான்தான். 13,000 வேலை, சுமார் 300 கோடி டாலர் சலுகை என்று ஆரம்பித்தது. 2021-இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது அது 1,454 வேலை, 8 கோடி டாலர் என்று சுருங்கியது. கழுகு ரொம்ப உயரம் பறக்கலை.)

இந்தப் பேரத்தில் ஒரு பக்கத்துக்கு எல்லாம் தெரியும், இன்னொரு பக்கத்துக்கு எதுவும் தெரியாது. தெரிந்த பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கன்சல்டன்ட். கம்பெனி மனதுக்குள் ஊரை முடிவு செய்துவிட்டிருந்தாலும், கடைசி நாள் வரைக்கும் இரண்டு, மூன்று ஊர்களை உயிரோடு வைத்திருப்பதுதான் அவருக்கு லாபம். இரண்டாவது ஊர் இல்லாவிட்டால் முதல் ஊர் எதுக்கு விலையை ஏற்றும்? அந்த மூன்று ஃப்ளைட் பிளானும் இதே வித்தையின் பொதுக்கூட்ட வடிவம்.

1993-இல் மெர்சிடிஸ் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்று பாருங்க. அமெரிக்காவில் முதல் கார் ஆலை போட இடம் தேடினார்கள். கன்சல்டன்ட், ஃப்ளூர் டேனியல். கடைசிச் சுற்றில் வட கரோலினா, தென் கரோலினா, அலபாமா என மூன்று மாநிலங்கள். ஜெயித்தது அலபாமாவின் வான்ஸ் என்ற இடம். மாநிலம் கொடுத்த சலுகை சுமார் 25.3 கோடி டாலர். வாக்களித்த வேலை 1,500. ஒரு வேலைக்கு 1,68,000 டாலருக்கும் மேல். அன்று அது நாட்டையே வாயைப் பிளக்க வைத்த எண்.

அலபாமா ஏமாந்ததா? அங்கேதான் கதை சிக்கலாகுது. பிறகு ஹோண்டாவும் ஹூண்டாயும் அலபாமாவுக்கு வந்தன, மெர்சிடிஸ் ஆலையும் பல மடங்கு பெரிதானது. அதனால் இதை வெற்றிக் கதையாகச் சொல்பவர்கள் நிறைய. ஆனால் மற்ற மாநிலங்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டது 'அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கொடுக்கணும்' என்பதைத்தான். அடுத்தடுத்த தேடல்களில் கன்சல்டன்ட் கையில் இருந்த ஆதாரமும் அதுதான்: "அலபாமா இவ்வளவு கொடுத்தாங்க, நீங்க?"

மாப்பிள்ளை வீட்டிலும் காசு, பெண் வீட்டிலும் காசு

இப்போ ஃபேன்டஸுக்குத் திரும்புவோம். கம்பெனிகளுக்கு ஊர் பார்த்த அதே நிறுவனம், ஊர்களுக்கும் ஆலோசனை சொல்ல ஆரம்பித்தது. உங்கள் ஊருக்கு ஏன் கம்பெனி வரலை, வர வைக்க என்ன செய்யணும்னு சொல்றது. 1960-களில் அப்பலாச்சியா மலைப் பகுதியை முன்னேற்ற அமெரிக்க அரசு ஒரு ஆணையம் அமைத்தபோது, எந்தத் தொழில் எங்கே ஒத்துவரும் என்ற ஆய்வுகளைச் செய்து கொடுத்தது ஃபேன்டஸ்.

1975-இல் இன்னொன்று. இல்லினாய் உற்பத்தியாளர் சங்கம் ஃபேன்டஸிடம் ஒரு பட்டியல் கேட்டது: 48 மாநிலங்களில் எது தொழிலுக்கு நல்ல 'சூழல்', எது மோசம்? வரி, தொழிலாளர் சட்டம், வேலையில்லாதோருக்கான உதவித்தொகை இதையெல்லாம் வைத்து ரேங்க் போட்டார்கள். தெற்கு மாநிலங்கள் மேலே, நியூயார்க் மாதிரி வடக்கு மாநிலங்கள் கீழே.

இதைப் படிக்கும்போது எனக்குப் பட்டது ஒன்று. ஒரு ரேங்க் பட்டியலில் எதை எண்ணுகிறார்கள் என்பதைவிட எதன் பக்கம் கூட்டல் குறி, எதன் பக்கம் கழித்தல் குறி போடுகிறார்கள் என்பது முக்கியம். வேலை போனவருக்கு மாநிலம் நல்ல உதவித்தொகை கொடுத்தால் அது இந்தப் பட்டியலில் கெட்ட மதிப்பெண். அங்கே வேலை செய்து வாழப் போகிறவர் அதே பட்டியலைப் போட்டால் குறி மாறிவிடும். ஆனால் செய்தித்தாளில் வருவது குறி இல்லை, 'நம் மாநிலம் கடைசி இடம்' என்ற தலைப்பு மட்டும்தான். அடுத்த வருடங்களில் இந்த மாதிரி ரேங்க் பட்டியல்கள் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தன.

கல்யாணத் தரகர் இரண்டு வீட்டிலும் காசு வாங்குவது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான். அங்கே ஒரு நியாயம் உண்டு, இரண்டு வீட்டுக்கும் அது தெரியும். கம்பெனிக்கு ஊர் பார்ப்பதில், பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை பெயரே தெரியாது. சில கன்சல்டன்ட்கள் வாங்கிக் கொடுக்கும் சலுகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதும் உண்டு. யோசிங்க: ஊர் அதிகமாகக் கொடுத்தால் தரகருக்கும் அதிகம்.

எட்டு மைல் ரகசியம்

இத்தனை அறிவியல், இத்தனை எண். ஆனால் முடிவு அந்த எண்ணிலிருந்துதான் வருதா?

இதை நேராகச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் ஒயிட். நகரங்களில் மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்கார்கிறார்கள் என்று கேமராவோடு அலைந்து ஆராய்ந்தவர். 1960, 70-களில் நியூயார்க்கிலிருந்து பெரிய கம்பெனிகள் வரிசையாகப் புறநகருக்குப் போயின. ஊழியர்களின் வாழ்க்கைத் தரத்துக்காக என்று சொன்னார்கள். ஒயிட் 38 கம்பெனிகளை எடுத்து, புது ஆபீஸ் எங்கே, அந்தக் கம்பெனித் தலைவரின் வீடு எங்கே என்று வரைபடத்தில் குறித்தார்.

38-இல் 31 கம்பெனிகள் தலைவர் வீட்டுக்குப் பக்கத்தில் போயிருந்தன. சராசரி தூரம், சாலை வழியாக, சுமார் 8 மைல்.

இது 1988-இல் வெளிவந்த 'சிட்டி' என்ற அவருடைய புத்தகத்தில் இருக்கு. அதோடு நிறுத்தவில்லை. வெளியே போன 38 கம்பெனிகளையும் நகரத்திலேயே தங்கிய 36 கம்பெனிகளையும் ஒப்பிட்டார். சுமார் பத்து வருஷத்தில் போனவர்களின் பங்கு மதிப்பு சராசரியாக 107 சதவீதம் ஏறியது, தங்கியவர்களுடையது 277 சதவீதம். இடம் மாறியதால்தான் இப்படி ஆனது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. ஏற்கெனவே தள்ளாடிய கம்பெனிகள் ஓடிப்போயிருக்கலாம். ஆனால் இடம் மாறினால் கம்பெனி செழிக்கும் என்று விற்றவர்களுக்கு இது வசதியான எண் இல்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனி சென்னைக்குள்ளேயே ஆபீஸை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றியது. வந்த மெயிலில் 'விரிவான ஆய்வுக்குப் பிறகு' என்று இருந்தது. என் டீமில் பாதிப் பேருக்குப் பயணம் இரண்டு மணி நேரம் ஆனது. டீம் லீட் அக்கா ஒருத்தர், குழந்தையை ஸ்கூலில் இருந்து கூட்டிவர முடியாமல் வேலையையே விட்டாங்க. அந்த ஆய்வில் அவங்க ஒரு காலமாவது இருந்தாங்களா என்பதுதான் அப்போ எங்க டீ பிரேக் பேச்சு. ஒயிட்டைப் படிச்ச பிறகு கேள்வியை மாத்திட்டேன்: அந்த ஆய்வு முடிவுக்கு முன்னாடி வந்ததா, பின்னாடி வந்ததா?

வெளி கன்சல்டன்ட் கொடுக்கிற பெரிய சேவைகளில் இதுவும் ஒன்று. முடிவுக்கு ஒரு கவசம். "நான் என் வீட்டுக்குப் பக்கத்தில் வேணும்னேன்" என்று எந்தத் தலைவரும் போர்டு மீட்டிங்கில் சொல்ல முடியாது. 200 பக்க அறிக்கை சொல்லலாம்.

சியாட்டில் கட்டிய விலை

கடைசிக் கதை, மறுபடியும் போயிங். தலைமையகம் போன இரண்டே வருஷத்தில், 2003-இல், போயிங் தன் புது விமானத்தை எங்கே தயாரிப்பது என்று இன்னொரு தேடலை அறிவித்தது. பின்னாளில் 787 ட்ரீம்லைனர் ஆன விமானம். போயிங் வைத்துக்கொண்ட கன்சல்டன்ட், தென் கரோலினாவைச் சேர்ந்த மெக்கலம் ஸ்வீனி.

வாஷிங்டன் மாநிலம் பயந்துபோனது. சியாட்டில் பக்கத்தில் எவரெட்டில் போயிங்கின் பிரம்மாண்ட ஆலை ஏற்கெனவே இருக்கு. அதையே இழந்துவிடுவோமோ என்ற பயம். அதனால் மாநிலமும் ஒரு கன்சல்டன்டை வைத்துக்கொண்டது. யாரை? டெலாய்ட்டை. போயிங்கின் கணக்குகளைத் தணிக்கை செய்வதும் டெலாய்ட்தான். இன்னொரு சுவாரசியம், கை மாறிக் கை மாறி வந்த நம் பழைய ஃபேன்டஸ் கம்பெனி 1990-களில் போய்ச் சேர்ந்த இடமும் டெலாய்ட்தான்.

2003 ஜூனில் வாஷிங்டன் சட்டமன்றம் 20 வருஷத்துக்குச் சுமார் 320 கோடி டாலர் வரிச் சலுகை கொடுத்தது. டிசம்பரில் எவரெட் ஜெயித்தது. கொண்டாட்டம்.

2009-இல் போயிங் 787-க்கு இரண்டாவது தயாரிப்பு வரிசையைத் தென் கரோலினாவின் நார்த் சார்ல்ஸ்டனில் வைத்தது. 2013-இல், அடுத்த விமானமான 777எக்ஸ் தங்க வேண்டும் என்று வாஷிங்டன் சலுகையை 2040 வரை நீட்டித்தது. மதிப்பு சுமார் 870 கோடி டாலர். 2020-இல் போயிங் அறிவித்தது: 787 தயாரிப்பு முழுவதும் இனி தென் கரோலினாவில்.

320 கோடி கொடுத்து வாங்கிய அதே விமானம். 17 வருஷத்தில் போயே போச்சு.

சிகாகோ என்ன ஆச்சு? 2022-இல் போயிங் தலைமையகம் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனுக்குப் போவதாக அறிவித்தது. மூன்று ஃப்ளைட் பிளானோடு வந்து இறங்கிய கம்பெனி, 21 வருஷத்தில் கிளம்பிவிட்டது.

சரி, சலுகை இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டார்களா?

இந்தக் கேள்வியில் பல காலம் உழைத்தவர் டிம் பார்ட்டிக் என்ற பொருளாதார ஆய்வாளர். 2018-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து அவர் சொன்னது: சலுகையால் மட்டுமே முடிவை மாற்றிக்கொண்ட கம்பெனிகள் 2 முதல் 25 சதவீதம் வரைதான் இருக்கும். அதாவது குறைந்தபட்சம் நான்கில் மூன்று கம்பெனிகள் சும்மா கேட்டிருந்தாலும் வந்திருக்கும். ஆனால் எந்த நாலாவது கம்பெனி உண்மையிலேயே போய்விடும் என்று ஊருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் விலை.

இதிலிருந்து வெளியே வர வழி உண்டா? ஒரு சின்ன உதாரணம் இருக்கு. கான்சஸ் சிட்டி என்ற நகரம் இரண்டு மாநிலங்களில் பரவியிருக்கு, நடுவில் எல்லையாக ஒரு ரோடு. பல வருஷம் கம்பெனிகள் அந்த ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சலுகை வாங்கின. ஏஎம்சி தியேட்டர்ஸ் தலைமையகமே மிசௌரியிலிருந்து கான்சஸ் பக்கம் போனது. ஊழியர்கள் அதே வீட்டில், அதே நகரத்தில். மாறியது வரிப் பணம் போகிற திசை மட்டும். 2019-இல் இரண்டு மாநிலங்களும் ஒரு சமாதானத்துக்கு வந்தன: அந்தப் பகுதிக்குள் ஒருத்தர் கம்பெனியை இன்னொருத்தர் காசு கொடுத்து இழுக்கக் கூடாது. பக்கத்து வீட்டோடு போன் போட்டுப் பேசினாலே தரகரின் பாதி பலம் போய்விடும் என்பதுதான் இதில் இருக்கிற பாடம்.

நம் ஊரிலும் பெரிய ஆலை ஒன்று வரும்போதெல்லாம் 'தமிழ்நாடா, ஆந்திராவா, குஜராத்தா' என்று செய்தி ஓடும். மேட்ச் பார்க்கிற மாதிரி நாமும் பார்ப்போம். அடுத்த முறை பார்க்கும்போது ஸ்கோரை மட்டும் பார்க்காமல் மூன்று கேள்வி கேளுங்க. மற்ற ஊர்கள் உண்மையிலேயே போட்டியில் இருந்தனவா? நடுவில் இருந்த ஆலோசகருக்கு யார் சம்பளம் கொடுத்தது? சொன்ன வேலை வராவிட்டால் கொடுத்த பணம் திரும்பி வருமா?

வேலை ஊருக்கு வரணும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. டூரண்ட் ஊர்க்காரர்களுக்கு 1936-இல் அந்தக் காலுறை ஃபேக்டரி எவ்வளவு தேவைப்பட்டது என்பதை ஏசி ரூமில் உட்கார்ந்து கிண்டல் செய்ய எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பேரம் பேசப் போகும்போது எதிரே இருப்பவருக்கு நம் சட்டைப் பையில் எவ்வளவு இருக்குன்னு தெரியும், நமக்கு அவர் பெயர்கூடத் தெரியாதுன்னா, அந்தப் பணம் யாருடையது என்பதையாவது ஞாபகம் வைத்துக்கொள்வோம். அது பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் போக வேண்டிய பணம்.

உங்க ஊருக்கு வந்த, இல்லை உங்க ஊரை விட்டுப் போன கம்பெனி பற்றிக் கதை இருந்தால் வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.